பாட்டுக்குப் பின்னால் நிற்பவர்கள்

தவக்காலம் தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு சத்தம் கேட்கும். குருநகர், பாசையூர், நாவாந்துறை, அங்கால் சில்லாலை, இளவாலை என்று எந்தப் பக்கம் போனாலும் கோயில் விறாந்தையிலோ மண்டபத்திலோ பத்துப் பதினைந்து பேர் கொப்பியும் கையுமாக இருந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பாஸ்கா இரவு ஆகியவற்றுக்கான பாடல் பயிற்சி அது. அந்த நாள்களில் ஆலயம் நிறைந்து வழியும். நாமும் பாட்டைக் கேட்போம், கண் கலங்குவோம், வீட்டுக்கு வந்துவிடுவோம். பாடியவர் யார், வாசித்தவர் யார், ஒலிபெருக்கி வயரை இழுத்துக் கட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

பெண் தலைமைக் குடும்பங்களைச் சந்திப்பது எனது தொழில். பகலில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவேன். இம்முறை தவக்காலத்தில், போன இடங்களிலெல்லாம் மாலையில் சற்று நேரம் தங்கி இவர்களோடு கதைத்தேன்.

முதலில் குருநகர். யாழ். நகரின் பிரதான வீதியில் இருந்து நடந்தே போய்விடலாம். கடற்காற்றும் கருவாட்டு வாசமும் வரத் தொடங்கும்போது புனித யாகப்பர் ஆலயம் கண்ணில் படும். 1993 நவம்பரில் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கான ஆலயம் இது. இங்கு பாட்டு என்பது கோயிலுக்கு மட்டும் உரியதன்று. தென்மோடி நாட்டுக்கூத்து இந்தக் கரையோர மக்களின் இரத்தத்தில் ஊறியது. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் அண்ணாவிமார் பழக்கிய, திறந்த வெளியில் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல் அது. அந்தக் குரலைத்தான் இவர்கள் பலிபீடத்துக்கு முன்னாலும் கொண்டுவருகிறார்கள். வலை தெரிந்துவிட்டு வந்த கைகளால் தாளம் போடும் பெண்களைப் பார்த்தேன். ஸ்வரம் தெரியுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சுருதி விலகினால் உடனே திரும்பிப் பார்க்கிறார்கள்.

எமது வாசகியரில் சைவச் சகோதரிகள் பலர் இருப்பதால் ஒன்றைச் சற்று விளக்க வேண்டும். பெரிய வெள்ளியோடு சேர்ந்து எமது கத்தோலிக்கர் மத்தியில் 'வியாகுலப் பிரசங்கம்' என்று ஒன்று உண்டு. யேசுவின் பாடுகளையும் மகனைப் பறிகொடுத்த தாயின் துயரையும் சொல்வது. இதை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவில் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் எழுதி, 1742இல் இந்நாட்டிலேயே இறந்தவர். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. குருமார் ஒளித்துத் திரிந்தார்கள். குருவானவர் வராத மாதங்களில் செபத்தையும் வாசிப்பையும் நடத்தி விசுவாசத்தைக் காத்தவர்கள் மூப்பர்களும் அண்ணாவிமாரும்தான். ஆகவே கோயிற் பாட்டைச் சாதாரண மக்கள் சம்பளமின்றிச் சுமப்பது எமது மண்ணில் புதிய விடயம் அல்ல.

தவக்காலத்துப் பசாம் பாடல்களும் அப்படித்தான். கேட்பவருக்கு அது எமது ஒப்பாரி போலவே இருக்கும். மகனை மடியில் கிடத்தி அழும் ஒரு தாயைப் பாடும்போது, தன் மகனை மடியில் கிடத்தவும் கிடைக்காத தாய்மார் எத்தனை பேர் எம்மிடையே இருக்கிறார்கள்! சீர்மியத்துக்கு அழைத்தால், "எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை" என்று கதவோடு நின்று பதில் சொல்லும் பெண்கள் இங்கே வாய்விட்டு அழுவதைக் கண்டிருக்கிறேன். யாரும் அவர்களின் கதையைக் கேட்பதில்லை, கையொப்பமும் வாங்குவதில்லை. எல்லோரும் சேர்ந்து மாதாவுக்காக அழுகிறார்கள். யார் யாருக்காக அழுகிறார்கள் என்பது அவரவருக்குத் தெரியும்.

பிரதான வீதியில் திருமறைக் கலாமன்றம் இருக்கிறது. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962 - 1965) இலத்தீன் பூசையைத் தாய்மொழிக்குத் திறந்துவிட்ட காலம் அது. புதிய தமிழ்ப் பாடல்கள், புதிய இசை, புதிய கலைஞர்கள் எல்லாம் தேவைப்பட்டன. பாடுகளின் நாடகங்களை நூற்றுக்கணக்கானோரை மேடையேற்றி நடத்திய மன்றம் அது. சைவர்களும் அங்கே சேர்ந்து உழைத்தார்கள். அடிகளார் 2021இல் காலமானார். அவரது பெயரை எல்லோரும் அறிவார்கள். நான் நினைப்பது, அந்த நாடகங்களுக்குத் திரைக்குப் பின்னால் இருந்து மிருதங்கமும் ஆர்மோனியமும் வாசித்தவர்களை.

1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டோம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மின்சாரத்தில் இயங்கும் வாத்தியங்கள் துணி போர்த்திக் கிடந்தன. காற்றில் பேசும் ஆர்மோனியம்தான் கைகொடுத்தது. பழைய வாசிப்பாளர் ஒருவர் சொன்ன ஒரு நுட்பம் எனக்குப் பிடித்திருந்தது. வயதான பெண்கள் பாடும்போது சுருதியை ஒரு கட்டை இறக்கவேண்டும். இன்றைய கீபோட்டில் ஒரு பொத்தானை அமத்தினால் போதும். ஆர்மோனியக்காரர் விரல் முழுவதையும் மாற்றவேண்டும். "அந்த அம்மாமாருக்காகவே அதைப் பழகினனான்" என்றார்.

நகரில் இருந்து மானிப்பாய் பக்கம் போகும் வழியில் நவாலி. 1995 ஜூலை 9ஆம் திகதி, வலிகாமத்தில் நடந்த இராணுவ நடவடிக்கையில் இருந்து தப்பி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் அயலில் உள்ள முருகன் கோயிலிலும் தங்கியிருந்த மக்கள் மீது குண்டுகள் வீழ்ந்தன. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் நினைவு வழிபாடு நடக்கிறது. அதற்கும் யாரோ பாட வேண்டும் அல்லவா? ஓர் ஊர் முழுவதும் அழும் வழிபாட்டில், குரல் உடையாமல் கடைசி வரி வரை கொண்டுபோவது எவ்வளவு பெரிய வேலை என்பதை அங்கே நின்று யோசித்தேன்.

இனி ஒரு பெண்ணைப் பற்றி. வலிகாமத்தில் ஒரு பங்கைச் சேர்ந்தவர். ஊரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இடப்பெயர்வில் வன்னிக்குப் போனவர். 2009இல் கணவர் காணாமற் போனார். முகாமில் இருந்து அடுத்த வருடம் ஊர் திரும்பியவர் பாடகர் குழாமில் சேர்ந்தார். இன்று அந்தப் பங்கில் எந்தச் செத்தவீடு நடந்தாலும் முதலில் இவருக்குத்தான் தகவல் போகும். நடுச்சாமத்திலும் போவார். கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டேன் என்று மறுத்தவரும் இவர்தான். "அவருக்கு ஒரு பாட்டுப் படிக்க எனக்குக் கிடைக்கேல்லைப் பிள்ளை. ஆற்றை செத்தவீடெண்டாலும் போய்ப் படிக்கிறன்" என்றார். பிறகு அடுப்பில் தேத்தண்ணி கொதிக்குது என்று எழும்பிப் போய்விட்டார்.

இவர் கலியாணப் பூசைகளிலும் பாடுகிறார். எமது சமூகத்தில், மதம் எதுவானாலும், கணவனை இழந்த பெண் கலியாண வீட்டில் எங்கே நிற்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். சமையற்கட்டில், அல்லது கடைசி வரிசையில். பாடகர் குழாத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. மணமக்கள் உள்ளே வரும்போது பாட்டைத் தொடங்குவதே இவரது குரல். இதை யாரும் புரட்சி என்று சொல்லி மேடை போடவில்லை. குரல் தேவைப்பட்டது, கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். சமூகவியல் படித்த காலத்தில் இப்படியொரு வாசல் இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மானிப்பாயில் இருந்து சுதுமலை ஊடாக உடுவிலுக்கு வந்தால் பாட்டு மாறும். இது அமெரிக்க மிசனின் மண். உடுவில் மகளிர் பாடசாலை 1824இல் தொடங்கியது. இங்குள்ள சபைகளில் பாடப்படும் கீர்த்தனைகள் பல தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் செய்தவை. அவரது பாடல்களை மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வேட் வெப் திரட்டி 1853இல் அச்சிட்ட பிறகு, வெள்ளைக்கார மெட்டுகளோடு இராக தாளப் பாட்டும் சபைக்குள் நிலைத்தது. அயலில் மருதனார்மடத்தில் 1939இல் தொடங்கிய கிறிஸ்த சேவா ஆச்சிரமமும் இந்தத் தமிழ் முறையையே வளர்த்தது. இப்பக்கத்துச் சபையொன்றில் வயலின் வாசிப்பவர் சைவப் பெண், இசை ஆசிரியை. திருநீறு பூசிக்கொண்டு வந்து கீர்த்தனைக்கு வாசித்துவிட்டுப் போகிறார். அவரிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இரு பக்கத்தாரும் அதை ஒரு விடயமாக நினைக்காதபோது நான் ஏன் கிண்டவேண்டும்?

பணம் பற்றியும் எழுதத்தான் வேண்டும். வெளிநாட்டில் உள்ள உறவுகள் தாராளமாக அனுப்புகிறார்கள். புது கீபோட், புது சவுண்ட் செற், அதில் நன்கொடையாளரின் பெயர். நல்லதுதான். ஆனால் கிழமையில் மூன்று நாள் பயிற்சிக்கு வரும் பெண்ணின் பஸ் காசை யாரும் அனுப்புவதில்லை. வாசிக்கும் இளைஞருக்கு ஏதோ கொடுக்கிறார்கள். பாடும் பெண்களுக்குப் பாஸ்கா முடிந்த பிறகு ஒரு தேநீர் விருந்து, அதற்கும் பாத்திரம் கழுவுவது அவர்களே. பாடற் கொப்பியைக் கையால் எழுதி, மழையில் நனையாமல் பொலித்தீனில் சுற்றி, மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பவரும் ஒரு பெண்தான். அவருக்கும் ஒரு பதவிப் பெயர் கிடையாது.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் மணிகள் அடங்கிவிடும். பாஸ்கா இரவில் அதே கீதம் வரும்வரை மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். பெரிய வெள்ளியன்று பல ஆலயங்களில் வாத்தியமே இல்லை. புது கீபோட்டுக்கும் சவுண்ட் செற்றுக்கும் அன்று வேலை குறைவு, வெறுங்குரல்தான். அதற்காகத்தான் இவ்வளவு பயிற்சி.

நான் கடைசியாகப் போன இடத்தில் ஏழு மணிக்குப் பயிற்சியை நிறுத்தினார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள் மூவர் இருந்தார்கள். நானும் அவர்களோடு சந்திக்கு ஓடினேன். பஸ்ஸுக்குள் இருந்தும் அவர்கள் அந்த மூன்றாவது வரியைத்தான் மெதுவாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார்கள்.