குறைவாகப் பேசுவோருக்கு எந்தத் தொலைபேசிக் கட்டணம்?



வயதான பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு வேறு ஊரில் வாழ்கின்ற பிள்ளைகள் நம்மில் பலர். நான் பிரிக்பீல்ட்ஸில் வசிக்கிறேன்; என் தாயார் கிள்ளானில் இருக்கிறார். கேஎல் சென்ட்ரலில் கொமியூட்டர் இரயில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். இருந்தாலும் பள்ளி நாள்களில் எங்களை இணைப்பது வீட்டுத் தொலைபேசி ஒன்றுதான். அதற்குரிய கட்டணத் திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றியே இன்று எழுதுகிறேன். சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகின்ற ஒருவருக்கு மாதம் பத்து வெள்ளி என்பது சிறிய தொகையன்று.

நான் சிறுமியாக இருந்தபோது தோட்டத்தில் தொலைபேசி என்றால் அது நிர்வாகியின் அலுவலகத்தில் இருப்பது. லயன் வீடுகளில் வாழ்ந்த எங்களுக்கு அவசரச் செய்திகள் தந்தியிலோ யாராவது ஒருவரின் மிதிவண்டியிலோதான் வந்து சேரும். அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறை 1987 சனவரி முதல் நாள் ஒரு நிறுவனமாக மாற்றப்பட்டது. 1990-இல் அது பங்குச் சந்தைக்கும் வந்தது. நாங்கள் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்து, எங்கள் வீட்டுக்கும் ஓர் இணைப்பு கிடைத்த நாளை அம்மா இன்றும் நினைவுகூர்வார். அந்த எண்ணை அவர் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. மனத்தில்தான் வைத்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவின் வீட்டு வாசலுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அதிவேக இணையம், தொலைக்காட்சி, கணக்கற்ற அழைப்புகள் ஆகிய எல்லாம் சேர்ந்த ஒரு திட்டத்தில் கையொப்பம் வாங்க முயன்றார். அம்மா என்னை அழைத்தார். “நான் பேசுவது நாலு வார்த்தை. அதற்கு இவ்வளவு வெள்ளியா, அம்மா?” என்று கேட்டார். இரண்டாண்டு ஒப்பந்தத் தாளைத் தொடாமல் வைத்துவிட்டு அவர் கேட்ட அந்தக் கேள்வி ஒரு நல்ல கணிதக் கேள்வி. நான் அதை வகுப்பறைக்குக் கொண்டு சென்றேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் இரண்டு கற்பனைத் திட்டங்களை எழுதினேன். முதல் திட்டத்தில் மாத வாடகை 25 வெள்ளி. பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 சென். இரண்டாவது திட்டத்தில் மாத வாடகை 40 வெள்ளி. எவ்வளவு பேசினாலும் தனிக் கட்டணம் இல்லை. எது மலிவு?

“இரண்டாவதுதான், டீச்சர்! எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாமே!” என்று பாதி வகுப்பு குரல் கொடுத்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வாடகை வேறுபாடு 15 வெள்ளி. நிமிடத்துக்கு 10 சென் என்றால் அது 150 நிமிடங்களுக்குச் சமம். மாதம் 150 நிமிடங்களுக்குமேல் பேசுபவருக்கு இரண்டாவது திட்டம் இலாபம். அதற்குக் குறைவாகப் பேசுபவருக்கு முதல் திட்டம் இலாபம். மாதம் 60 நிமிடம் பேசும் பாட்டிக்கு முதல் திட்டத்தில் 31 வெள்ளி ஆகும். இரண்டாவதில் 40 வெள்ளி. ஆண்டுக்கு 108 வெள்ளி மிச்சம். தொலைத்தொடர்புக்கான 6 விழுக்காட்டுச் சேவை வரியையும் சேர்த்தால் மிச்சம் 114 வெள்ளி 48 சென்னாகிறது. (2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் தொலைத்தொடர்புக்கு 6 விழுக்காடாகவே விடப்பட்டது. விளம்பரத்தில் காணும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.)

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். “டீச்சர், பாட்டிக்கு வருகிற அழைப்புக்கு யார் காசு கட்டுவது?” என்று கேட்டான். அழைப்பவர்தான் கட்டுவார் என்றேன். “அப்படியென்றால் பாட்டி பேசுவதற்காகத் தொலைபேசி வைத்திருக்கவில்லை. மற்றவர்கள் கூப்பிடுவதற்காகத்தான் வைத்திருக்கிறார்” என்றான்.

குறைவாகப் பேசுவோரின் கணக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அவர்கள் செலுத்துவதில் பெரும்பகுதி வாடகையே. மேலே கண்ட 31 வெள்ளியில் 25 வெள்ளி வாடகை. பேச்சுக்கு ஆனது 6 வெள்ளிதான். ஆகவே நிமிடக் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கும் சலுகையால் அவர்களுக்குக் கிடைப்பது 3 வெள்ளி மட்டுமே. “இலவச நிமிடங்கள்” என்ற சொல்லைக் கண்டு மயங்காமல், மிகக் குறைந்த வாடகை எது என்று தேடுவதே அறிவுடைமை.

இந்த உண்மையைப் பிற நாடுகளும் உணர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1985-இல் ‘லைஃப்லைன்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டு, வருமானம் குறைந்த குடும்பங்களின் மாதக் கட்டணம் குறைக்கப்பட்டது. பிரிட்டனில் ஒரு காலத்தில் குறைவாகப் பேசுவோருக்கென்றே வாடகையில் தள்ளுபடி வழங்கும் திட்டம் இருந்தது. நம் நாட்டில் 2023-இல் அறிவிக்கப்பட்ட ‘பாக்கேஜ் பெர்பாடுவான்’ திட்டத்தில் மாதம் 69 வெள்ளிக்கு 30 மெகாபிட் வேக வீட்டு இணையம் சேர்க்கப்பட்டது. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பயன்படும். இணையமே தொடாத மூதாட்டிக்கு 69 வெள்ளியும் அதிகம்தான்.

“கைத்தொலைபேசி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று” என்பார்கள் சிலர். முன்கட்டண அட்டை மலிவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதிலுள்ள பணத்துக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிவதற்குள் மீண்டும் பணம் நிரப்பவில்லையென்றால் முதலில் சேவை நிற்கும். பிறகு எண்ணே பறிபோகலாம். எனவே ஆண்டுக்கு எத்தனை முறை நிரப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால்தான் அதன் உண்மையான வாடகை தெரியும்.

பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் பெருமழையில் சிலாங்கூர் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அம்மாவின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. மின்சாரம் மட்டும் போய்விட்டது. அண்டை வீட்டாரின் கைத்தொலைபேசிகள் ஒவ்வொன்றாக மின்கலம் தீர்ந்து அடங்கின. அம்மாவின் பழைய கம்பித் தொலைபேசி மட்டும் ஒலித்தது. செம்புக் கம்பி இணைப்புக்குத் தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே அக்கம்பி வழியாக வந்துவிடும் என்பதே காரணம். அன்றிரவு அவர் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது.

இன்று செம்புக் கம்பிகள் மெல்ல மெல்லக் கண்ணாடி இழைகளுக்கு இடம் விட்டு வருகின்றன. இழைவழித் தொலைபேசி வீட்டு மின்சாரத்தை நம்பியிருப்பது. மின்வெட்டானால் அதுவும் மௌனமாகிவிடும். அத்தகைய வீட்டில், சிறிய மின்கலச் சேமிப்புக் கருவியோ பொத்தான் வைத்த எளிய கைத்தொலைபேசியோ துணைக்கு இருக்கட்டும். வாடகையோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அம்மாவுக்கு 2022-இல் நாங்கள் முடிவு செய்தது இதுதான்: இணையம் இல்லாத, குறைந்த வாடகையுள்ள குரல் இணைப்பு, பழைய எண் மாறாமல். துணைக்கு ஒரு முன்கட்டணக் கைத்தொலைபேசி. அதற்குப் பணம் நிரப்பும் பொறுப்பு என்னுடையது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் திட்டம் தேடுவோர் முதலில் ஒரு மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அழைப்புகளைக் குறித்து வையுங்கள். செய்தவை ஒரு பக்கம், வந்தவை மறுபக்கம். பிறகு முகப்பிடத்துக்குச் சென்று நான்கு கேள்விகள் கேளுங்கள். குரல் இணைப்பு மட்டும் கிடைக்குமா? பழைய எண் நிலைக்குமா? ஒப்பந்தம் எத்தனை மாதம், இடையில் நிறுத்தினால் தண்டம் எவ்வளவு? மின்வெட்டில் தொலைபேசி வேலை செய்யுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிணக்கு ஏற்பட்டால் நிறுவனத்திடம் முறையிடுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கணக்கை உங்கள் வகுப்பிலும் கொடுத்துப் பாருங்கள். வீட்டுக் கட்டணச் சீட்டைப் பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொண்டால், வாசலுக்கு வரும் விற்பனையாளரின் பேச்சை எடைபோட அந்த வீட்டில் ஒருவர் இருப்பார்.