நூற்றுப்பத்து கோடி டாலர் வங்கி இருந்த தெரு

நார்த் கரோலினாவின் ஷார்லட்டிலிருந்து வடக்கே போகும் 77ஆம் எண் நெடுஞ்சாலையில், ஈஸ்ட் ரிவர் மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். நீளம் ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். நுழையும்போது வர்ஜீனியா, வெளியே வரும்போது மேற்கு வர்ஜீனியா. வெளியே வந்ததும் புளூஃபீல்ட். அங்கே பெட்ரோல் போட்டேன், காலன் 3 டாலர் 19 சென்ட். கல்லாவில் இருந்த பெண்ணிடம் கீஸ்டோனுக்கு வழி கேட்டேன். “52ஆம் நம்பர் ரோட்டை விடாம பிடிச்சுப் போங்க. அங்க என்ன இருக்குன்னு போறீங்க?” என்றார். அந்த ஊரில் இருந்த பாங்கின் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். “அது மூடி எத்தனை வருஷம் ஆச்சு!” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மூடியது 1999 செப்டம்பர் 1ஆம் தேதி. பெயர், ஃபர்ஸ்ட் நேஷனல் பாங்க் ஆஃப் கீஸ்டோன். 1904இல் நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்காகத் தொடங்கிய சின்ன வங்கி. மூடும்போது அதன் கணக்குப் புத்தகத்தில் இருந்த சொத்து சுமார் 110 கோடி டாலர். சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த ஒரு மலையூரில் இவ்வளவு பெரிய தொகை எப்படிச் சேர்ந்தது என்பது படித்த நாளிலிருந்தே மனதை அரித்துக்கொண்டிருந்தது. படித்தது போதும், ஊரைப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

வழியில் பிராம்வெல் என்ற ஊர் வருகிறது. நிலக்கரி முதலாளிகள் குடியிருந்த ஊர். கூம்புக் கோபுரங்களும் செங்கல் புகைபோக்கிகளும் வைத்த பெரிய பெரிய வீடுகள் ஆற்று வளைவை ஒட்டி நிற்கின்றன. ஒரு காலத்தில் நாட்டிலேயே தலைக்கணக்குப்படி அதிகமான லட்சாதிபதிகள் இங்கேதான் இருந்தார்கள் என்று சொல்கிறார்கள். பாங்க் ஆஃப் பிராம்வெல்லின் பணத்தை வேலையாள் ஒருவர் தள்ளுவண்டியில் வைத்து ரயிலடிக்கு உருட்டிக்கொண்டு போவாராம், காவலுக்கு யாரும் கிடையாதாம். இதுவும் சொல்லக் கேட்டதுதான். நான் பார்த்தது அந்தக் கல் கட்டடத்தை. அந்த வங்கி 1930களின் பெருமந்தத்தில் விழுந்தது. ஆக, கீஸ்டோன் போகும் சாலையில் விழுந்த வங்கி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

பிராம்வெல்லுக்கு அப்புறம் சாலை குறுகிவிடுகிறது. ஒரு பக்கம் எல்கார்ன் ஓடை, மறு பக்கம் ரயில் பாதை, இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் தார் ரோடு. மேபியூரியில் ரயில் பாலம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. காலை பத்து மணிக்கும் மலை நிழல் விலகவில்லை. ஜன்னலை இறக்கினால் ஈர இலை வாசனை, நடுநடுவே டீசல் நெடி. வீடுகள் ஒன்று குடியிருப்பு, ஒன்று காலி, ஒன்று கூரை உள்ளே விழுந்தது என்று கலந்து வருகின்றன. நார்த்ஃபோர்க்கைத் தாண்டியதுமே கீஸ்டோன். புளூஃபீல்டிலிருந்து இருபத்தைந்து மைல் இருக்கும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

காரை ஓரங்கட்டி நடந்தேன். ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிதானமாக நடக்கக் கால் மணி நேரம் போதும். செங்கல் கட்டட வரிசை ஒன்று. பலவற்றின் ஜன்னல்களில் பலகை அடித்திருக்கிறது, சிலவற்றில் பலகையே உளுத்துப் பிளந்து உள்ளே வானம் தெரிகிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த காலி மனையில் இடுப்புயரத்துக்குச் செடி. சேறு அப்பிய நான்கு சக்கர மலை வண்டிகளில் ஒரு கூட்டம் ஹெல்மெட்டோடு பிரதான சாலையிலேயே போனது. இப்போது இந்தப் பக்கம் வெளியூர்க்காரர்கள் வருவது மலைப் பாதைகளில் அந்த வண்டி ஓட்டத்தான். வெளியூர் நம்பர் பிளேட்டுகள்தான் அதிகம். அவர்கள் போன பிறகு ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

2020 கணக்கெடுப்பில் இந்த ஊரின் மக்கள் தொகை 176. இந்த ஊர் இருக்கும் மெக்டவல் மாவட்டம் முழுக்க 1950இல் ஒரு லட்சத்தை நெருங்கி இருந்தது, 2020இல் 19,111. நிலக்கரி இயந்திரமயமானதும் ஆட்கள் போய்விட்டார்கள். ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் அரசியலுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. ‘மெக்டவல் டைம்ஸ்’ பத்திரிகை இங்கிருந்துதான் வந்தது. அமெரிக்கச் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணான மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர் 1928இல் இந்த மாவட்டத்திலிருந்துதான் போனார்.

வங்கி எது என்று தெரியவில்லை. பெயர்ப் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வீட்டு முன்திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். எழுந்து படி வரை வந்து கையை நீட்டிக் காட்டினார். “அந்த வரிசைதான். நாக்ஸ் மெக்கானல் இருந்தப்போ பாதி ஊரு அங்கதான் வேலை பார்த்துச்சு. நல்ல சம்பளம்.” அவர் காட்டிய வரிசை முன் போய் நின்றேன். இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் எங்கும் இருக்கிற மாதிரி செங்கல் சுவர், சாலையோடு ஒட்டிய வாசல். வாசலிலிருந்து எதிர்ப்புற மலைச்சரிவு வரைக்கும் ஒரு கல்லெறி தூரம்கூடத் தேறாது.

நாக்ஸ் மெக்கானல் 1977இல் தலைவராக வந்தவர். 1992இல்கூட இந்த வங்கியின் சொத்து சுமார் 10 கோடியே 70 லட்சம் டாலர்தான். அப்புறம் ஏழே ஆண்டுகளில் பத்து மடங்கு. உள்ளூரில் கடன் வாங்க ஆளில்லை. அதனால் நாட்டின் வேறு மூலைகளில் மற்றவர்கள் கொடுத்த வீட்டுக் கடன்களை விலைக்கு வாங்கினார்கள். அவற்றில் பல, வீட்டின் மதிப்பையும் மிஞ்சிக் கொடுத்த இரண்டாம் அடமானக் கடன்கள். அவற்றை மூட்டையாகக் கட்டிப் பத்திரங்களாக முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். கடன் ஒழுங்காகத் திரும்பினால் எஞ்சுகிற பங்கு மட்டும் வங்கிக்கு. அந்த எஞ்சும் பங்குக்கு வங்கியே ஒரு மதிப்புப் போட்டு லாபம் என்று எழுதிக்கொண்டது. பணம் வேண்டுமே? மற்ற வங்கிகளைவிடக் கூடுதல் வட்டி என்று அறிவித்து நாடு முழுவதிலுமிருந்து டெபாசிட் வாங்கினார்கள். வங்கித் துறைப் பட்டியல்களில் லாபத்தில் முன்வரிசையில் நின்றது கீஸ்டோன்.

கடன் வாங்கினவர்கள் கட்டவில்லை. எஞ்சும் பங்கில் எதுவும் எஞ்சவில்லை. ஓட்டையை மறைக்க, விற்றுவிட்ட கடன்களையும் தங்களிடமே இருப்பதாகப் புத்தகத்தில் விட்டுவைத்தார்கள். ஒரே மனையை இரண்டு பேருக்குப் பத்திரம் பண்ணுவது போன்ற வேலை. இப்படி இல்லாத கடன் மட்டும் 51 கோடியே 50 லட்சம் டாலர், புத்தகத்தில் காட்டிய சொத்தில் கிட்டத்தட்டப் பாதி.

அந்த வரிசையின் முன் நின்றபோது ஒன்று தெளிவாயிற்று. பழைய கீஸ்டோன் வங்கி, கடன் கொடுத்த வீட்டை வாசலில் நின்றே பார்த்திருக்கும். மேனேஜர் சாயங்காலம் நடந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். 1990களின் கீஸ்டோன் வங்கி விலைக்கு வாங்கிய கடன்களில் கண்ணால் பார்க்கக்கூடியது ஒன்றுமே இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. இருந்தது காகிதம் மட்டும். காகிதத்தை எழுதியது டெர்ரி சர்ச் என்ற மூத்த அதிகாரியின் கட்டுப்பாட்டில் இருந்த சின்னக் குழு. மெக்கானல் 1997இல் இறந்த பிறகு வங்கித் தலைமைக்கு வந்த பில்லி செர்ரி இந்த ஊரின் மேயரும்கூட. வங்கியை உள்ளூரில் கேள்வி கேட்க யார் இருந்திருப்பார்கள்?

கேட்டது வெளியிலிருந்து வந்தவர்கள். தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் ஓ.சி.சி. அலுவலகத்தின் ஆய்வாளர்கள் 1999 கோடையில் ஒரு எளிய வேலை செய்தார்கள். வங்கி காட்டிய பட்டியலை விட்டுவிட்டு, அந்தக் கடன்களுக்குத் தவணை வசூலிக்கும் கம்பெனிகளிடமே நேரடியாகக் கேட்டார்கள்: கீஸ்டோனின் கடன் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? வந்த பதிலும் வங்கியின் புத்தகமும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் வங்கியை மூடுவதென்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வழக்கம், சனி ஞாயிறில் கணக்கை ஒழுங்கு பண்ண. கீஸ்டோனைப் புதன்கிழமையே மூடினார்கள். வைப்புக் காப்பீட்டுக் கழகமான எஃப்.டி.ஐ.சி. ரிசீவராக உள்ளே வந்தது.

பெரியவரிடம் திரும்பிப் போனேன். வங்கியின் ஆவணங்களை அதிகாரிகள் மண்ணில் புதைத்ததாகச் சொல்லும் கதை உண்மையா என்று கேட்டேன். “முப்பது அடி ஆழத்துல புதைச்சாங்க. லாரி லாரியா போச்சு” என்றார். அரசுப் பதிவுகளில் இருப்பது சர்ச்சின் பண்ணையில் தோண்டிய பள்ளம்: நூறு அடி நீளம், பத்து அடி ஆழம். அதற்குள் வங்கியின் ஆவணங்கள். தோண்டி எடுத்தார்கள். ஆய்வைத் தடுத்த குற்றத்துக்காக 2000இல் சர்ச்சுக்கும் கூட இருந்த இன்னொரு அதிகாரிக்கும் எதிராகத் தீர்ப்பு வந்தது. பண்ணை எந்தப் பக்கம் என்றும் கேட்டேன். அவர் ஒரு திசை சொன்னார், சாலையில் வந்த இன்னொருவர் வேறு திசை சொன்னார். தனியார் நிலம், நான் போகவில்லை.

“எல்லாருக்கும் பணம் கிடைச்சிடுச்சு” என்றும் பெரியவர் சொன்னார். அது சரியில்லை. அன்றைய காப்பீட்டு வரம்பு ஒருவருக்கு 1 லட்சம் டாலர். அதற்குள் இருந்தவர்களுக்கு முழுசாகக் கிடைத்தது. மேலே வைத்திருந்தவர்கள் மிச்சத்துக்கு ரிசீவர் தரும் சான்றிதழோடு வரிசையில் நிற்க வேண்டும். வங்கியின் சொத்தை விற்று, வழக்குப் போட்டு வசூலித்து, வந்ததில் பங்கு பிரிப்பார்கள். பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. காப்பீட்டு நிதிக்கு நஷ்டம் 75 முதல் 85 கோடி டாலர் வரை என்று அப்போது மதிப்பிட்டார்கள். நம் நாட்டில் இன்றைய வரம்பு 5 லட்சம் ரூபாய். கூடுதல் வட்டிக்காக ஒரே இடத்தில் சேமிப்பை வைத்திருக்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊருக்கு விழுந்த அடி அந்தக் கணக்கில் சேராது. வங்கி போனதும் சம்பளம் போனது, ஊராட்சிக்கு வந்த வரி போனது. இரண்டு வருஷத்துக்குள் வெள்ளம். 2001இலும் 2002இலும் எல்கார்ன் ஓடை ஊருக்குள் வந்தது. 2010களில் ஆண்டுக்கணக்காகக் கீஸ்டோனில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு அமலில் இருந்தது. பழைய சுரங்கக் கம்பெனி போட்ட குழாய்களை மாற்ற ஊரிடம் பணமில்லை. பெரியவர் வீட்டுத் திண்ணையில் இன்னும் பாட்டில் தண்ணீர் அடுக்கி வைத்திருந்தார். இப்போது குழாய் மாற்றிவிட்டார்களே என்றேன். “பழக்கம்” என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு மேற்கே நாலு மைல் தள்ளி கிம்பல் போனேன். அங்கே 2016இல் மூடிய வால்மார்ட்டின் பெரிய கட்டடம், கோடு மங்கிய காலி பார்க்கிங். பக்கத்துக் கடையில் மிளகாய்க் குழம்பும் முட்டைக்கோஸும் போட்ட ஹாட் டாக், 3 டாலர் 50 சென்ட். அதைச் சாப்பிட்டுக்கொண்டே கைப்பையில் இருந்த தீர்ப்பின் பக்கங்களை எடுத்தேன். வங்கியின் கணக்கைத் தணிக்கை செய்த கிராண்ட் தோர்ன்டன் நிறுவனத்தின் மீது எஃப்.டி.ஐ.சி. போட்ட வழக்கு. வசூல் கம்பெனி ஒன்று தணிக்கையாளருக்கு எழுத்தில் தந்த பதிலில் கீஸ்டோனின் கடன் சுமார் 63 லட்சம் டாலர். புத்தகத்திலோ பல கோடி அதிகம். தணிக்கையாளர் போன் பண்ணிக் கேட்டார். இன்னும் 23 கோடியே 60 லட்சம் டாலர் கீஸ்டோனுடையதுதான் என்று அந்தப் பக்கம் சொன்னதாக எடுத்துக்கொண்டு 1998ஆம் ஆண்டுக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆய்வாளர்கள் வருவதற்குச் சில மாதங்கள் முந்தி நடந்தது இது. கையில் இருந்த காகிதத்தைவிடக் காதில் விழுந்த வார்த்தையை அவர் நம்பியது எனக்கு இன்றும் கோபத்தை வரவழைக்கிறது. 2007இல் நீதிமன்றம் அந்த நிறுவனம் 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டும் என்றது.

கடையில் காசு எடுக்க மூலையில் ஓர் ஏ.டி.எம். இருந்தது. ஒரு தடவைக்கு 3 டாலர் 50 சென்ட் பிடிக்கும் என்று திரையிலேயே எழுதியிருந்தது. கீஸ்டோன்காரர்கள் பாங்குக்கு எங்கே போவார்கள் என்று கடைக்காரம்மாவிடம் கேட்டேன். “வெல்ச்சுக்கு. கார் இருந்தா போவாங்க. இல்லாட்டி இதுதான்” என்று அந்த இயந்திரத்தைக் காட்டினார். வெல்ச் கீஸ்டோனிலிருந்து எட்டு ஒன்பது மைல், அத்தனையும் வளைவு. சொன்னதை உறுதி பண்ணிக்கொள்ள வெல்ச் வரைக்கும் ஓட்டிப் போனேன். மாவட்ட நீதிமன்றம் இருக்கும் சரிவுக்குக் கீழே ஒரு வங்கிக் கிளை திறந்திருந்தது. உள்ளே கவுன்டர் முன் நாலைந்து பேர் நின்றார்கள், இருவர் கையில் சம்பளச் செக்கு. மூடும் நேரம் ஐந்து மணி என்று கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது.