வேகமும் ஓசையும் விலையும்

நம் துறையில் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யும் பணி தொடங்கியபோது, அவற்றைச் சேமிக்க வன்தட்டு வாங்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. யாப்பும் அணியும் கற்பிப்பார்க்கு இஃது அயலான துறையே. எனினும், ஊர்ப் பெரியவர்தம் இல்லங்களிலிருந்து ஒரு வாரத் தவணையில் இரவலாக வரும் நூல்களுள் பல, தொட்டால் நொறுங்கும் தாள்களை உடையவை. மறுமுறை விரித்துப் படியெடுக்க இயலாதவை. ஆகவே கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி வாங்க மனம் ஒப்பவில்லை.

"விரைவானதையே வாங்குங்கள், ஐயா" என்றார் கணினித் துறை இளவல் ஒருவர். விரைவு என்பது யாது? சுழலும் வன்தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. தேடும் செய்தி, படிக்கும் முனையின்கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். 7200 சுற்றில் அக்காத்திருப்பு ஏறத்தாழ 4.2 மில்லி நொடி. 5400 சுற்றில் 5.6. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட 'ராப்டர்' 10,000 முறை சுழன்று அதனை 3 ஆகக் குறைத்தது. கொள்ளளவோ 36 ஜிகாபைட்டுதான். சுழற்சி மிகுந்தால் இரைச்சலும் வெப்பமும் விலையும் உடன் மிகும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை, ஓசையும் இல்லை. ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை கூடுதல்.

நம் பணிக்கு இவ்விரைவு எவ்வளவு உதவும் எனக் கணக்கிட்டோம். அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் அளவில், வண்ணத்தில், ஏ4 பக்கம் ஒன்று சுருக்கப்படாமல் 26 மெகாபைட் கொள்ளும். 300 பக்க நூலுக்கு 8 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு 150 மெகாபைட் எழுதும் சுழல்தட்டில் அஃது ஒரு நிமிடத்திற்குள் பதிந்துவிடும். 500 மெகாபைட் எழுதும் எஸ்.எஸ்.டி.யில் கால் நிமிடம். மிச்சமாவது அரை நிமிடத்திற்குச் சற்று மேல். அந்நூலின் தாள்களைப் பதமாகப் புரட்டி முடிக்க நம் மாணவர்க்கோ இரண்டு நாள் ஆகிறது! சொல்லடைவுக்காகப் பத்தாயிரம் சிறு கோப்புகளைத் துழாவும்போதுதான் வேறுபாடு தெரியும். கோப்பு ஒன்றுக்கு 13 மில்லி நொடி எனக் கொண்டாலும் சுழல்தட்டுக்கு இரண்டு நிமிடத்திற்கு மேலாகும், எஸ்.எஸ்.டி. சில நொடிகளில் முடிக்கும்.

ஓசையைப் பற்றிக் கேட்டபோது சிலர் நகைத்தனர். நம் கணினி இருப்பது படிப்பறையில். அதுவும் இரும்பு மேசைமேல். தட்டின் அதிர்வை இரும்பு வாங்கிப் பெருக்கும். தேர்வுக் காலத்தில் அங்கு அமர்ந்து பார்த்தவர் நகைக்கமாட்டார்.

ஒதுக்கிய தொகைக்குப் பெரிய எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கலாம், அன்றிச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றும் 5400 சுற்றுத் தட்டுகள் இரண்டும் வாங்கலாம். முன்னது பழுதானால் எல்லாம் போயிற்று. மேலும், மின்சாரமின்றி நெடுங்காலம் பெட்டியில் கிடந்தால் எஸ்.எஸ்.டி.யில் பதிந்தவை அழியக்கூடும். நாம் பின்னதையே பரிந்துரைத்தோம். இளவலுக்கு இன்றும் அதில் சிறு மனக்குறை உண்டு. அன்றாட வேலை எஸ்.எஸ்.டி.யில் நடைபெறுகிறது, தட்டுகளுள் ஒன்று துறை அலமாரியிலும் மற்றொன்று நூலகக் கட்டடத்திலும் உள்ளன. வியாழன்தோறும் மாணவர் ஒருவர் இரண்டையும் கொணர்ந்து, புதிய படிகளைப் பதிந்து, திறந்து பார்த்து, பதிவேட்டில் கையொப்பமிடுகிறார்.