அலமாரியின் மகுடம்

மரக்காணத்தில், உப்பளக் காற்று ஓயாது வீசும் தெருவில் எங்கள் இல்லம் உள்ளது. மகளின் திருமண ஓலை கோவிலில் வாசிக்கப்பட்ட வாரத்தில், சமையலறை அலமாரியின் உச்சியில் மகுடம்போல் ஒரு மோல்டிங் சட்டம் பொருத்த விரும்பினோம்.

எங்கள் பங்கின் முதிய தச்சர் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார்.

"ஐயா, இந்தச் சுவர் மூலை 90 பாகை இல்லை. சட்டங்களை 45 பாகையில் அறுத்தால் இணைப்பில் இடைவெளி தெரியும். உள்ள கோணத்தை அளந்து, அதில் பாதிக்கு அறுக்க வேண்டும். இரும்பாணி இவ்வூருக்கு ஆகாது. பித்தளைத் திருகாணியே வேண்டும். மூன்று நாள் கொடுங்கள்" என்றார்.

நாங்களோ அவசரத்தாலும் சிக்கனத்தாலும் வேறொருவரைக் கொண்டு ஒரே நாளில் இரும்பாணி அறைந்து முடித்தோம்.

ஐப்பசி மழை வந்தது. உப்பு ஈரத்தை ஈர்க்கும். உப்பீரம் பட்ட இரும்பு விரைந்து துருவேறும். துருவோ தான் தின்ற இரும்பினும் பருத்து மரத்தைப் பிளக்கும். ஒரு நாள் அதிகாலையில் சட்டம் பெயர்ந்து, அடுப்பருகே நின்ற எங்கள் தாயாரின் தோளை உரசி வீழ்ந்தது. ஒரு சாண் தள்ளி வீழ்ந்திருந்தால்?

நாணத்தோடு முதியவரை நாடினோம். அவர் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. அன்றே எங்களுக்காக வாங்கி வைத்திருந்த பித்தளைத் திருகாணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உடன் வந்தார்.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மே 1-ஆம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் அதனைக் கொண்டாடிய நாங்கள், எங்கள் வாயிலில் வந்து நின்ற தச்சரின் சொல்லுக்குச் செவிசாய்க்கவில்லையே!