யன்னலோரத்து வெயில்

முல்லைத்தீவுக் கரையோரத்தில் சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும். 2009 யுத்தத்தின் பின் மீளக்குடியேறிய கிராமமொன்றுக்குப் பணிநிமித்தம் போயிருந்தேன். ஒரு வீட்டின் கிழக்கு யன்னலில் நிறவட்டமொன்று தொங்கியது. பச்சைத் தென்னை ஈர்க்கை வளைத்து நூலால் கட்டி, பட்டம் ஒட்டும் மெல்லிய நிறத்தாள்களைக் கோதுமைமாப் பசையால் ஒட்டியிருந்தார்கள். சிவப்புத்தாள் மற்ற நிறங்களை உறிஞ்சிச் சிவப்பையே விடும். அதனால் காலை வெயிலில் அது விளக்குப்போல ஒளிர்ந்தது.

“தகப்பனைப்பற்றி வாயே திறக்காத மூத்தவன், இதை ஒட்டேக்கதான் கதைக்கத் தொடங்கினவன் மிஸ்” என்றார் தாய்.

சகோதரிகளே, கைகள் வேலையாயிருக்கும்போது பிள்ளைகளுக்குக் கதைப்பது இலகு. ஒரு பின்னேரம் சேர்ந்திருந்து செய்துபாருங்கள். பிள்ளை கதைத்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்; கதைக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.