நான்காவது பெண்

மைசூருவின் தேவராஜ மொஹல்லாவில், தேவராஜா மார்க்கெட்டை ஒட்டிச் செல்லும் சாலைக்குச் சயாஜி ராவ் சாலை என்று பெயர். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜி ராவ் கெய்க்வாட்டின் நினைவாக வந்த பெயர் அது. வெற்றிலை வாங்கவும் மல்லிகை வாங்கவும் அன்றாடம் அவ்வழியே போகிறவர்களுக்கு அது வெறும் முகவரி. ஆனால் மைசூரையும் பரோடாவையும் இணைக்கும் இன்னொரு இழையும் உண்டு. அதன் மறுமுனை, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் வசமிருந்த பாரிஸ் நகரில் போய் முடிகிறது. அங்கே பிடிபட்ட ஒருவரின் மரணத்தைத் துப்பறிந்தவர் எவ்வாறு தவறினார் என்பது, ஆவணங்களை நம்பி ஆய்வு செய்வோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

19-ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசவை மௌலா பக்‌ஷ் என்னும் இசைக்கலைஞரைச் சிறப்பித்தது. பின்னாளில் அவர் பரோடாவில் சயாஜி ராவின் ஆதரவோடு இசைப்பள்ளி நிறுவினார். அவர் மணந்த பெண் திப்பு சுல்தானின் வழிவந்தவர் என்பது அக்குடும்பத்தின் வழக்கு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டதும், 1806-இன் வேலூர்ப் புரட்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும் தமிழ் வாசகர் அறிந்தவை. அந்நிலையில் திப்புவின் குருதி என்று வெளிப்படச் சொல்வது ஆபத்து. ஆகவே அப்பெண்ணின் குலம் மறைத்து வைக்கப்பட்டது என்று குடும்பத்தார் கூறிவந்தனர். மௌலா பக்‌ஷின் பேரன் இனாயத் கான், சூஃபி ஞானத்தை மேலைநாடுகளுக்குக் கொண்டுசென்றவர். அவர் ஓரா ரே பேக்கர் என்னும் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். அவர்களின் மூத்த மகள் நூர், 1914-இல் மாஸ்கோவில் பிறந்து பாரிஸின் புறநகரில் வளர்ந்தார். குழந்தைகளுக்காக ஜாதகக் கதைகளை எழுதிய மென்மையான பெண் என்றே அவரை அறிந்தோர் நினைவுகூர்கின்றனர்.

1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. விமானப்படையின் மகளிர் பிரிவில் வயர்லெஸ் பயிற்சி பெற்ற நூர், பகைவர் பிடியிலிருந்த நாடுகளில் இரகசியப் பணி செய்யும் எஸ்.ஓ.இ. அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவில் சேர்ந்தார். 1943 ஜூன் 16-ஆம் நாள் இரவு, சிறு விமானம் ஒன்று அவரைப் பிரான்ஸில் இறக்கியது. ‘மதலேன்’ என்பது அவருடைய இரகசியப் பெயர். சில நாட்களுக்குள்ளேயே பாரிஸ் வலையமைப்பின் தலைவர்கள் அடுத்தடுத்துப் பிடிபட்டனர். திரும்பி வர லண்டன் வாய்ப்பளித்தும் அவர் மறுத்தார். இடம் மாறி இடம் மாறிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர், அவ்வாண்டு அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். அவருடைய வயர்லெஸ் கருவியும் குறிப்பேடுகளும் ஜெர்மானியர் கைக்குப் போயின.

அதே அக்டோபரின் தொடக்கத்தில், ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து லண்டனுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. மதலேன் விபத்துக்குள்ளாகி மருத்துவமனையில் இருக்கிறார் என்று ‘சோன்யா’ தெரிவிப்பதாக அதில் இருந்தது. பகைவரிடம் சிக்கிவிட்டார் என்பதே அம்மறைமொழியின் பொருள். சோன்யா என்பவர் யார் என்று லண்டனில் எவருக்கும் தெரியவில்லை. தெரியாதவரின் சொல் என்பதாலேயே அது ஒதுக்கப்பட்டது. நூரின் கருவியிலிருந்து ஜெர்மானியர் அனுப்பிய பொய்ச் செய்திகள் நம்பப்பட்டன. 1944 பிப்ரவரி இறுதியில் வான்குடை வழியாகக் குதித்தவர்கள் நேரே பகைவர் கையில் விழுந்தனர்.

போர் முடிந்தபோது பிரெஞ்சுப் பிரிவின் முகவர்களில் 118 பேர் என்ன ஆயினர் என்பது தெரியவில்லை. அவர்களைத் தேடிச் சென்றவர், அப்பிரிவின் பெண் அதிகாரி வீரா அட்கின்ஸ். பலரை விமானத்தளம்வரை சென்று வழியனுப்பியவர் அவர். நூரையும் அவரே வழியனுப்பினார். அமைப்பு கலைக்கப்பட்ட பின்பும் 1946-இல் ஜெர்மனி சென்று சிறைக்காவலர்களையும் முகாம் அதிகாரிகளையும் உயிர்தப்பிய கைதிகளையும் ஒருவர் பின் ஒருவராக விசாரித்தார். துப்பறியும் கதைகளில் வருவதுபோல் சடலமோ தடயமோ அங்கே இல்லை. கொன்றவர்கள் பெயரைப் பதியாமல், உடலை எரித்து, சுவடே இன்றிச் செய்திருந்தனர். நினைவுகளையும் சிறைப் பதிவேடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பொருத்துவதே அவருடைய முறை. இறுதியில் 117 பேரின் முடிவை அவர் கண்டறிந்ததாகக் கூறப்படுகிறது.

அல்சாஸ் பகுதியின் நாட்ஸ்வைலர் முகாமில் 1944 ஜூலை 6-ஆம் நாள் நான்கு பெண்கள் நச்சு ஊசி போட்டுக் கொல்லப்பட்டனர். கார்ல்ஸ்ரூஹே சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ஆந்த்ரே பொரெல், வீரா லீ, டயானா ரௌடன் என மூவரை அட்கின்ஸ் உறுதிசெய்தார். நான்காவது பெண் யார்? கண்டவர் சொன்ன தோற்றக் குறிப்புகள் நூரோடு ஒத்துப்போவதாகத் தோன்றின. காணாமற்போனோர் பட்டியலில் அவ்விடத்திற்குப் பொருந்திய பெயரும் அதுவே. நான்காமவர் நூர் என்று அட்கின்ஸ் முடிவுசெய்தார். குடும்பத்துக்குச் செய்தி போயிற்று. 1946-இல் அக்கொலைகளின் வழக்கும் நடந்து முடிந்தது.

அம்முடிவு தவறு. நாட்ஸ்வைலரில் நான்கு பெண்கள் மடிந்த அந்த ஜூலையில் நூர் உயிரோடு இருந்தார். பாரிஸ் சிறையிலிருந்து தப்ப முயன்றதால் 1943 நவம்பரில் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு, ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கைகால்களில் விலங்கோடு தனியறையில் கிடந்தார். எவரோடும் பேச அனுமதி இல்லை. ஆயினும் கைதிகள் உணவுக் கிண்ணத்தின் அடியில் கீறி எழுதித் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொண்டனர். அவ்வாறு அவர் எழுதிய பெயர் நோரா பேக்கர். கூடவே லண்டன் முகவரி. அங்கே சக கைதியாயிருந்து உயிரோடு மீண்ட யோலாண்ட் லக்ராவ் என்ற பிரெஞ்சுப் பெண், போருக்குப்பின் அந்த நோரா பேக்கரைப் பற்றி விசாரித்தார். அச்செய்தி நூரின் குடும்பத்தை எட்டியபோதுதான் மூடிய கோப்பு மீண்டும் திறந்தது. டாகாவ் முகாமில் 1944 செப்டம்பர் 13-ஆம் நாள் நான்கு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். மூவர் கார்ல்ஸ்ரூஹேவிலிருந்து வந்தவர்கள். ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து வந்து அவர்களோடு சேர்ந்தவர் நூர். 1947-இல் அட்கின்ஸ் தம் முடிவைத் திருத்தினார். 1949-இல் நூருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது.

பேக்கர் என்பது நூரின் தாய்வழிப் பெயர். அட்கின்ஸும் தாய்வழிப் பெயரே. ருமேனியாவின் கலாட்ஸில் 1908-இல் பிறந்தபோது அவர் வீரா ரோசன்பர்க். யூதத் தந்தையின் பெயரை விட்டுத் தாயின் குடும்பப்பெயரால் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். பெண்கள் ஆபத்தில் தாயின் பெயருக்குள் ஒதுங்குவார்கள் என்பதைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் அவர். எனினும் தேடும்போது பட்டியலில் இருந்த பெயரையே தேடினார். இதை அவருடைய குறை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. தன் அனுபவம் தன் ஆய்வுக்கு உதவாமற்போகும் அந்த இடைவெளி எந்த ஆய்வாளருக்கும் அந்நியமானதன்று.

நூர் டாகாவுக்கு உரியவரானால், நாட்ஸ்வைலரில் மடிந்த அந்த நான்காவது பெண் யார்? அவ்வினாவுக்கு விடை காண மேலும் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. டயானா ரௌடனின் பள்ளித்தோழி எலிசபெத் நிக்கோலஸ், தோழியின் முடிவை அறியப் புறப்பட்டு, 1958-இல் வெளியிட்ட நூலில் நான்காவது பெண்ணின் பெயரையும் வெளிக்கொணர்ந்தார். சோனியா ஓல்ஷானெஸ்கி: ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண், நடனக் கலைஞர், இறந்தபோது வயது இருபது. லண்டன் அனுப்பியவர் அல்லர், பிரான்ஸிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டவர். ஆகவே லண்டனின் பட்டியலில் அவர் பெயரே இல்லை. இல்லாத பெயரை யாரும் தேடவில்லை. அவர் இருந்த இடத்தில் இருந்த பெயர் ஒன்று பொருத்தப்பட்டது.

1943 அக்டோபரில் மதலேன் சிக்கிவிட்டார் என்று எச்சரித்த சோன்யாவும் இவர்தான். நூரைக் காக்க முயன்ற அவருடைய சொல், அவரை யாருக்கும் தெரியாது என்பதால் ஒதுக்கப்பட்டது. அதே காரணத்தால் அவருடைய மரணம் நூரின் பெயரில் எழுதப்பட்டது. 1944 ஜனவரியில் அவரும் பிடிபட்டபோது, தாம் அனுப்பிய எச்சரிக்கை பயன்படவில்லை என்பதை அறிந்திருப்பாரா என்பதற்கு எந்த ஆவணமும் விடை சொல்லாது.

ஓர் ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதே ஆய்வு மாணவர்க்கு முதலில் கற்பிக்கப்படுகிறது. அப்பட்டியலை யார் எழுதினார், யாரைத் தம்மவர் என்று எண்ணி எழுதினார் என்பது அடுத்த கேள்வி. சம்பளப் பட்டியல், சிறைப் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கு, கோயில் கல்வெட்டின் கொடையாளர் வரிசை, எதுவாயினும் அது தன்னவரை மட்டுமே எண்ணுகிறது. எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்பது மட்டும் ஆள் சரி என்பதற்குச் சான்றாகாது. நாட்ஸ்வைலரில் நான்கு என்ற கணக்கு தொடக்கம் முதல் சரியாகவே இருந்தது.

மைசூரில் குலம் மறைத்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பெண்ணுக்கும் பட்டியல் ஏதும் இல்லை. குடும்பத்தின் வாய்மொழி மட்டுமே. அதை உறுதி என்று சொல்லிவிடவும் கூடாது. கோப்பில் இல்லை என்பதாலேயே கதை என்று தள்ளிவிடவும் கூடாது. நூரின் உண்மையை வெளிக்கொணர்ந்ததும் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடந்த கீறலும், அதை மறக்காதிருந்த ஒரு பெண்ணின் நினைவுமே. சோனியாவுக்கு அந்த அளவுகூட வாய்க்கவில்லை. வேறொருத்தியைத் தேடி வந்த தோழி ஒருத்தியின் கண்ணில் பட்டதால்தான் அவர் பெயர் அவருக்கே திரும்பக் கிடைத்தது.