ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கேமிங் பிசி: விளக்கைப் பார்க்காதீங்க, எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தூக்கிப் பாருங்க!

அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் கண்ணில் படாது. கேசினோ தியேட்டர் பக்கமாக உள்ளே திரும்பி நாலு எட்டு வைத்தால்தான் தெரியும், சென்னையின் பாதி எலெக்ட்ரானிக்ஸ் இங்கேதான் குடியிருக்கிறது என்று. பெயர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத்தான் சென்னைக்காரர்கள் 'ரிச்சி' என்கிறார்கள். ஒரு காலத்தில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பாகங்களுக்கு வந்தார்கள். பிறகு டிவி. இப்போது சிசிடிவி, செல்போன் டிஸ்ப்ளே, கம்ப்யூட்டர்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இருந்தும் நடை தூரம்தான். கார் எடுத்துப் போவது வீண் வேலை. டூவீலர் நிறுத்தவே அங்கே தவம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு லீவு.

உள்ளே நுழைந்ததுமே "என்ன சார் பார்க்குறீங்க? கேமரா? லேப்டாப் சர்வீஸா?" என்று குரல்கள் துரத்தும். பதில் சொல்லாமல் நடப்பது நல்லது. கையில் லிஸ்ட் இல்லாமல் போகிறவரை இந்தத் தெரு சுற்றிச் சுற்றி வரவைத்துவிடும்.

மே, ஜூன் மாதங்களில் இங்கே அடிக்கடி கண்ணில் படுவது ஒரு ஜோடி. பிளஸ் டூ முடித்த பையன், பக்கத்தில் கைப்பையை இறுகப் பிடித்த அப்பா. திருவள்ளூரில் இருந்து வந்திருந்த அப்படி ஒரு ஜோடியிடம் இருந்தது 45,000 ரூபாய், சீட்டு எடுத்த பணம். 'காலேஜ் படிப்புக்கு' என்பது அப்பாவின் கணக்கு. 'ஜிடிஏ 5, வேலோரன்ட்' என்பது பையனின் கணக்கு.

யூடியூப் பார்த்து எழுதிய லிஸ்டைப் பையன் நீட்டினான். முதல் வரியில் இன்டெல் ஐ3 12100எஃப் பிராசசர். கடைக்கார அண்ணன் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிராபிக்ஸ் கார்டு எப்போ வாங்கப் போறே தம்பி?"

"ஆறு மாசம் கழிச்சுண்ணா."

"அப்போ ஆறு மாசம் மானிட்டர்ல என்னத்த பார்ப்பே?"

அப்பாவுக்குப் புரியவில்லை. பையனுக்குப் புரிந்துவிட்டது, முகம் தொங்கிப்போனது. பெயரின் கடைசியில் வரும் அந்த 'எஃப்' எழுத்துக்கு, உள்ளேயே கிராபிக்ஸ் வசதி இல்லை என்று அர்த்தம். தனியாக கார்டு போடாமல் திரையில் ஒரு புள்ளிகூட வராது. விலை குறைவாக இருப்பதன் ரகசியமும் அதுதான்.

கார்டு இப்போது வேண்டாம் என்பவர்களுக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பொருத்தமாக இருக்கும். ஆறு கோர், கூடவே கிராபிக்ஸும் உண்டு. வேலோரன்ட் தாராளமாக ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்ஸைக் குறைத்தால் ஓடும். ஒரு நிபந்தனை: இந்த கிராபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் ராமில் இருந்து கடன் வாங்கித்தான் வேலை செய்கிறது. அதனால் 16 ஜிபி ஒரே குச்சியாகப் போடாமல், 8 ஜிபி இரண்டாகப் போட வேண்டும். இரண்டு வழியில் டேட்டா ஓடினால் விளையாட்டின் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும்.

ராம் என்றதும் கடைக்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் விலை எகிறத் தொடங்கியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் 'க்ரூஷியல்' பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதற்கு முன்பு எடுத்த வீடியோவின் விலைப்பட்டியலை நம்பி வந்தால் பட்ஜெட் உதைக்கும்.

கண்ணாடிப் பெட்டியும் காற்று வாங்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸும்

அந்தப் பையனும் மயங்கிய இடம் கேபினெட் கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நாலு ஃபேன், வானவில் மாதிரி விளக்கு. "எஸ்.எம்.பி.எஸ் ஃப்ரீ சார்" என்றார்கள். இந்த 'ஃப்ரீ'யில்தான் பல வீடுகளின் பணம் கரைகிறது.

கரன்ட்டை வாங்கி எல்லா பாகத்துக்கும் பிரித்துக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். '500 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவுப் பெட்டியால் அவ்வளவு சுமையைத் தாங்க முடியாமல் போகலாம். விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். மோசமாகப் போனால் மதர்போர்டையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போய்விடும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்க்காரர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. பெயர் தெரிந்த கம்பெனி, '80 பிளஸ்' சான்று, கார்டுக்கான 6 அல்லது 8 பின் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் தூக்கியும் பாருங்கள். காற்றடைத்த டப்பா மாதிரி லேசாக இருந்தால் வைத்துவிடலாம். கேபினெட்டுக்கு முன்பக்கம் வலை போதும். நம் ஊர் வெயிலில் கண்ணாடி என்பது காற்றுக்குப் போடும் பூட்டு.

செகண்ட் ஹேண்ட் கார்டுகளிலும் ஜாக்கிரதை தேவை. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தன. அதில் பிரபலம் ஆர்எக்ஸ் 580. அசல் கார்டில் 2304 கோர் இருக்கும். '2048எஸ்பி' என்ற இளைத்த தம்பியும் அதே பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.

ஆபீஸில் கழித்துவிட்ட பழைய 'ஐ7' மெஷினில் விளக்கு மாட்டி 'கேமிங் பிசி' என்று தருவதும் உண்டு. எத்தனையாவது ஜெனரேஷன் என்று கேளுங்கள். எட்டுக்குக் கீழே என்றால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டோ 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் திரை கறுப்பா?

கடையில் ஓடிய கம்ப்யூட்டர் வீட்டில் ஓடாமல் போவது சகஜம். பயணக் குலுக்கல்தான் காரணம். பஸ்ஸில் போகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துப்போவது நல்லது. தொங்கியபடி ஆடினால் அதன் எடையே ஸ்லாட்டை உடைத்துவிடும்.

ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லையா? மானிட்டர் வயர் எங்கே மாட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கார்டு இருக்கும்போது மதர்போர்டில் மாட்டுவதுதான் அதிகம் நடக்கும் கூத்து. அடுத்தது ராம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமை எடுத்து, தங்க நிறக் காலை ரப்பரால் மெல்லத் துடைத்து, 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு குச்சி என்றால், பிராசசர் பக்கம் இருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். அப்படியும் வராவிட்டால், பிராசசருக்கு மேலே மூலையில் மாட்டும் 8 பின் வயர் கழன்றிருக்கிறதா பாருங்கள். பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு குட்டி விளக்குகள் உண்டு. எது அணையாமல் எரிகிறதோ, அங்கேதான் கோளாறு. கடைசி வைத்தியம், வட்டமான சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுவது.

படம் வந்தும் வேகம் இல்லையென்றால் பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யுங்கள். 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ராம், இது இல்லாமல் 2400-லோ 2666-லோ நடந்துகொண்டிருக்கும்.

திருவள்ளூர் அப்பா கடைசியில் விளக்கில்லாத கேபினெட்டும், பெயர் தெரிந்த எஸ்.எம்.பி.எஸ்ஸும், 5600ஜி-யும் வாங்கினார். பையன் இரண்டு தெரு வரை பேசவில்லை. "ஃபேன் லைட்டு பொங்கலுக்கு வாங்கிக்கலாம்டா" என்றார் அப்பா. ஜிஎஸ்டி பில்லை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கி, அங்கேயே செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். பிராசசருக்கு மூன்று வருட வாரன்டி. அந்தத் தாளில் இருக்கும் எழுத்து அதுவரை தாங்காது.